உடைந்தவை: பூஜ்ஜியம்

என் மனைவி சொல்வாள், எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது என்று. பொய்யில்லை. பூட்டு ரிப்பேர் செய்கிறவனுக்குப் பொறுமை வேண்டும். இருக்கிற பொறுமையையெல்லாம் நான் பூட்டுக்கே கொடுத்துவிடுகிறேன், மனுஷர்களுக்கு மிச்சம் வைப்பதில்லை. அதனால் நடந்ததைச் சொல்லும்போது நடுவில் கத்தினால் கண்டுகொள்ளாதீர்கள்.

என் கடை பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மரப்பெட்டி, தலைக்கு மேலே தகரம், சாவி வெட்டும் மிஷின் ஒன்று, ஆணியில் தொங்கும் சாவிக்கொத்துகள். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தால் என் டீ கிளாஸ் அதிரும். அங்கேதான் என் மகள் ஐந்தாவது படிக்கிறாள். வீட்டில் அவளைக் குட்டி என்போம். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். மோப்பம். நோட்டில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு எழுதுகிறாளாம், அதனால் அந்தப் பெயர். கூடப் படிக்கிற வாண்டுகள் வைத்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். வைத்தது அவளுடைய வகுப்பு டீச்சர்.

ஒருநாள் அந்த டீச்சர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். என் மனைவி சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, புடவையில் ஒட்டியிருந்த நூலைக்கூடத் தட்டாமல் ஓடி வந்தாள். டீச்சர் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"போர்டுல இருக்கிறதை எழுதச் சொன்னா, பக்கத்துப் பொண்ணு நோட்டைப் பார்த்து எழுதறா. கேள்வி கேட்டா திருதிருன்னு முழிக்கிறா. மந்தம்ங்க. கடைசியில ஃபெயில்னு நாங்க போடறதுக்கு முன்னாடி நீங்களே நிறுத்திட்டா உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை."

"கண்ணுல ஏதாவது கோளாறா இருக்குமா டீச்சர்?" என்று என் மனைவி கேட்டாள்.

"அதெல்லாம் சுகாதாரத் திட்டத்துல இருந்து வந்து பார்த்துட்டாங்க. எல்லாப் பிள்ளைங்களுக்கும் பார்த்தாங்க. கண்ணுக்கு வேண்டியதெல்லாம் பண்ணியாச்சு. இது வேற" என்று சொல்லித் தன் நெற்றியில் விரலால் இரண்டு தட்டு தட்டினார்.

கண்ணுக்கு வேண்டியதெல்லாம் பண்ணியாச்சு. இந்த வார்த்தையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். படித்தவர்கள் பொய் சொல்ல வேண்டியதே இல்லை, உண்மையையே இப்படி மடித்து நீட்டினால் போதும்.

அன்றைக்குச் சாயங்காலம் என் மச்சான் வீட்டுக்கு வந்தான். அவன் அதே சட்டைக் கம்பெனியில் சூப்பர்வைசர். "பிசிறு வெட்ட ஆள் வேணும் மாமா. படிப்பு ஏறலைன்னா எதுக்குப் போட்டுத் தேய்க்கறீங்க? திங்கட்கிழமையில இருந்து அனுப்புங்க. வயசு கேட்டா நான் பார்த்துக்கறேன்" என்றான். தைத்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் நுனியைச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டுகிற வேலை. பத்து வயசுப் பிள்ளைக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்து குட்டி சொன்னாள்.

"நான் போறேன்பா. எனக்குத்தான் படிப்பு வரலையே."

அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. ஏதோ கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிற மாதிரி சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்திலிருந்த வாளியை உதைத்தேன். வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கால் விரல்தான் வீங்கியது. கடைசியில், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அவள் பேரை எடுத்துவிடுவது என்று ஆகிப்போனது.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். எட்டு மாசத்துக்கு முன்னால் ஒருநாள் குட்டி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் காதருகே வந்து, "அப்பா, எங்க டீச்சருக்கு மீசை இருக்குப்பா" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் அம்மா, "டீச்சரைப் பத்தி இப்படியா பேசறது, வாயிலயே ரெண்டு போடுவேன்" என்று திட்டினாள். "இல்லம்மா, நிஜமாவே இருக்கு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அதற்குமேல் எவ்வளவு கேட்டும் பேசவில்லை. நாங்களும் அதோடு மறந்துபோனோம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது, பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"அண்ணே, பையைத் தூக்கிட்டு உடனே வாங்க. பெரிய டீச்சர் ரூம் பீரோவுல சாவி உடைஞ்சு உள்ளேயே மாட்டிக்கிச்சு. திட்டத்து மேடம் இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவாங்களாம். அந்தம்மா தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. பையை எடுத்துக்கொண்டு போனேன். திங்கட்கிழமை மகளின் பெயரை எடுக்க வர வேண்டிய ரூமுக்கு, வெள்ளிக்கிழமையே பூட்டு திறக்க வருகிறேனே என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

அந்த ரூமில் ஒரு மேஜை, கண்ணாடி போட்ட அலமாரி, மூலையில் சாம்பல் நிற இரும்பு பீரோ. பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை. அதில் சாக்பீஸால் அழகாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். பூச்சி மாத்திரை, எல்லோரும். கை கழுவுதல், எல்லோரும். அந்தக் குழாயில் தண்ணீர் வருகிற லட்சணம் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குத் தெரியும், இருக்கட்டும். அதற்குக் கீழே, மூக்குக்கண்ணாடி, முப்பத்தெட்டு. உடைந்தவை, பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்தை மட்டும் கலர் சாக்பீஸில் போட்டிருந்தார்கள்.

முப்பத்தெட்டு மூக்குக்கண்ணாடியா? காலையும் மாலையும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என் கடையை உரசிக்கொண்டுதான் போகிறார்கள். ஒரு பிள்ளை முகத்தில்கூடக் கண்ணாடியை நான் பார்த்ததில்லை.

"எவ்வளவு நேரம்பா ஆகும்?" என்றார் பெரிய டீச்சர்.

"பூட்டு மனசு வைக்கணும்" என்றேன்.

துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சாவி பாதியில் முறிந்து, பல் இருக்கிற பக்கம் உள்ளே சிக்கியிருந்தது. வருஷக்கணக்காகத் திறந்து மூடிப் பழகிய சாவி இப்படி முறியாது. எப்போதாவது ஒருதரம் திறந்தால்தான் உள்ளே துரு பிடித்து முரண்டு பண்ணும். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மெல்லிய கம்பியைக் கொக்கி மாதிரி வளைத்து, துண்டை இழுத்து எடுத்தேன். அப்புறம் உள்ளே இருக்கிற தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டேன். டக் என்றது. கைப்பிடியைத் திருகிக் கதவைத் திறந்தேன்.

இரண்டு தட்டு நிறைய நீல நிறப் பெட்டிகள். உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பெட்டிகள், வரிசையாக. ஒவ்வொன்றின் மேலும் பேர் எழுதி ஒட்டியிருந்தது. நான் படிக்க வேண்டும் என்று படிக்கவில்லை. என் முகத்துக்கு நேராக இருந்த பெட்டியில் என் மகள் பேர் இருந்தது. முன்னால் என் பேரின் முதலெழுத்து. பின்னால், ஐந்தாம் வகுப்பு.

"சரிப்பா, நீ வெளிய இரு. கூலியை வாட்ச்மேன்கிட்ட வாங்கிக்கோ" என்றார் பெரிய டீச்சர்.

"இது என்ன டீச்சர்?"

"அது திட்டத்துச் சாமான். தொடாதே."

"இதுல என் பொண்ணு பேர் போட்டிருக்கு."

"உன் பொண்ணா? எந்தப் பொண்ணு?"

"மோப்பம்னு கூப்பிடுவீங்களே, அந்தப் பொண்ணு."

அவர் முகம் ஒரு நிமிஷம் மாறியது. பெட்டியைத் திறந்தேன். கறுப்பு ஃப்ரேம் போட்ட குட்டிக் கண்ணாடி. கண்ணாடியின் காலில் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் பிரித்திருக்கவில்லை. என் காது சூடாகிவிட்டது. காது சூடானால் எனக்குக் கோபம் வருகிறது என்று அர்த்தம், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியாது, பாவம்.

"எத்தனை மாசமா இது இங்கே இருக்கு?"

"கத்தாதீங்க" என்றார். நீ போய் நீங்க வந்துவிட்டது. "நாலு வருஷத்துக்கு முன்னாடியும் குடுத்தாங்க. பிள்ளைங்க கையில குடுத்தோம். ரெண்டே மாசத்துல பாதி உடைஞ்சு போச்சு. ஒருத்தன் அதை வெச்சுப் பேப்பர் எரிச்சு விளையாடினான். உடைஞ்சதுக்கெல்லாம் திட்டத்துக்காரங்க எங்களைத்தான் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. ஸ்கூலுக்குக் கெட்ட பேர். அதான் இந்தத் தடவை பத்திரமா வெச்சிருக்கோம். உங்க பிள்ளைங்களோடதுதான், எங்க போயிடப்போகுது?"

"அப்ப பிள்ளைங்க கையில குடுக்கவே இல்லையா?"

"குடுத்தோமே. எட்டு மாசத்துக்கு முன்னாடி வந்தப்போ, குடுக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுக்கணும்ல? எடுத்துட்டு வாங்கி வெச்சிட்டோம். வீட்டுல சொல்லக்கூடாது, சொன்னா வேற யாருக்காவது குடுத்துடுவோம்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வெச்சோம். இல்லாட்டி தினம் ஒருத்தர் வந்து நிப்பீங்க."

இன்னைக்குத்தான் தெரிஞ்சுது என்று குட்டி அன்றைக்குச் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரே ஒரு போட்டோ எடுக்கிற நேரம் அவளுக்குக் கண் கொடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவள் பார்த்தது டீச்சரின் மீசை. அதைச் சொல்லக்கூட விடாமல் வாயைக் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் கண்ணைப் பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டு, போர்டு தெரியாதவளைப் பார்த்து மந்தம் என்று நெற்றியில் தட்டியிருக்கிறார்கள். வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கொட்ட ஆரம்பித்தேன்.

வாட்ச்மேன் ஓடிவந்து, "மேடம் வந்துட்டாங்க" என்றான்.

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், இப்ப வேண்டாம்" என்றார் பெரிய டீச்சர். "அவங்க போனதும் என்ன வேணா பேசுங்க." சொல்லிவிட்டு இரண்டு கையாலும் நீலப் பெட்டிகளை வாரி மேஜை மேல் அடுக்க ஆரம்பித்தார். பூச்சாடியைக் கொண்டுவந்து கரும்பலகைக்குக் கீழே வைத்தார்கள். நான் பையைக் கட்டிக்கொண்டு வராந்தா மூலையில் போய் நின்றேன். போகவில்லை. போவதாவது.

திட்டத்து மேடம் சின்ன வயசுப் பெண். தோளில் பை, கையில் லென்ஸ் பெட்டி, நல்ல வெயிலில் அலைந்த முகம். அவர் வகுப்புகளைச் சுற்றிப் பார்த்து வருவதற்குள் பிள்ளைகளை வராந்தாவில் வரிசையாக நிறுத்தினார்கள். பெட்டியைக் கொடுத்து, பிளாஸ்டிக் தாளை அவசர அவசரமாக உருவி, கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். ஒரு பையனுக்குக் காதுக்கு எட்டவில்லை. எட்டு மாசத்தில் அவன் தலை வளர்ந்துவிட்டது, கண்ணாடிக்கு அது தெரியாது. வகுப்பு டீச்சர் பின்னால் நின்று அழுத்திவிட்டார்.

குட்டி வரிசையின் நடுவில் இருந்தாள். கண்ணாடியை மாட்டியதும் முதலில் கீழே பார்த்தாள், தன் காலை. அப்புறம் நிமிர்ந்து வகுப்பு டீச்சரைப் பார்த்தாள். அப்புறம் மெல்லத் தலையைத் திருப்பினாள். வராந்தாவின் இந்தக் கோடியில் நான் இருக்கிறேன், பேச்சுமூச்சு காட்டாமல்.

"அப்பா!" என்றாள்.

நான் கூப்பிடாமல் அவள் என்னை இவ்வளவு தூரத்திலிருந்து கண்டுபிடித்ததே இல்லை. எப்போதும் நான்தான் குரல் கொடுப்பேன், குரல் வந்த பக்கம் அவள் வருவாள். அதுதான் அவள் சுபாவம் என்று நினைத்திருந்தோம்.

மேடம் ஒவ்வொரு கண்ணாடியாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. "ஒரு கீறல்கூட இல்லையே டீச்சர்! மத்த ஸ்கூல்ல எல்லாம் பாதிக்குப் பாதி போயிடுச்சு. இந்த வருஷ ஷீல்டு உங்களுக்குத்தான்னு மேல முடிவு பண்ணி, கையோட குடுத்து அனுப்பியிருக்காங்க" என்று பையிலிருந்து பளபளவென்று ஒரு கேடயத்தை எடுத்தார். டீச்சர்கள் கை தட்டினார்கள். பிள்ளைகளும் தட்டினார்கள். என் மகளும் தட்டினாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"மேடம், புதுசு எப்படிக் கீறும்? போட்டாத்தானே கீறும்?"

"நீங்க யாரு?"

"பீரோ திறக்க வந்தவன். இந்தக் கண்ணாடியெல்லாம் இருந்துச்சே, அந்த பீரோ."

பெரிய டீச்சர் ஏதோ பூசி மெழுகப் பார்த்தார். நான் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "இதை இதுக்கு முன்னாடி எப்ப போட்டீங்க? சொல்லுங்க, யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க." ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். கடைசியில் காதுக்கு எட்டாத கண்ணாடி போட்ட பையன், "போட்டோ எடுத்தப்போ" என்றான்.

மேடம் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார், "நல்ல நிலையில இருக்கான்னுதான் எங்களைப் பார்க்கச் சொல்றாங்க. பிள்ளைங்க போடறாங்களான்னு பார்க்கச் சொல்லலை."

"உங்களுக்குக் கண்ணு இருக்கில்ல மேடம்?"

கேட்டிருக்க வேண்டாம்தான். ஆனால் அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி, குட்டியைத் தூரத்தில் நிற்கவைத்து, படிக்கச் சொன்னார். குட்டி மேலே இருந்த பெரிய எழுத்துகளைக் கடகடவென்று சொன்னாள். அதற்குக் கீழே வந்ததும் தயங்கினாள். அதற்கும் கீழே, கண்ணை இடுக்கினாள். மேடம் கண்ணாடிக்கு முன்னால் இன்னொரு லென்ஸை வைத்தார். கடைசி வரி வரைக்கும் படித்தாள். ஒரு தப்பு இல்லை. வகுப்பு டீச்சர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பவர் ஏறிடுச்சு" என்றார் மேடம். "இது எட்டு மாசத்துக்கு முன்னாடி எடுத்த அளவு. வளர்ற பிள்ளை இல்லையா."

இதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. கண்ணாடி பத்திரமாக இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு தூசி இல்லை. அது பத்திரமாக இருந்த அத்தனை நாளும் என் பிள்ளையின் கண் கெட்டுக்கொண்டே இருந்தது.

"அப்ப புது அளவுல குடுங்க."

"ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணுதான் குடுப்போம். நடுவுல உடைஞ்சா மட்டும் மாத்தித் தருவோம். உடைஞ்சதைக் காட்டணும், ஸ்கூல்ல இருந்து உடைஞ்சுதுன்னு தெரிவிக்கணும்."

"அப்ப உடைஞ்சுதுன்னே சொல்லிடுங்க டீச்சர்" என்றேன் பெரிய டீச்சரிடம்.

"அது எப்படிங்க சொல்றது? எங்க ஸ்கூல்ல எதுவும் உடையலை" என்றார். கேடயம் அவர் இடுப்பில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. "ஒண்ணு உடைஞ்சாலும் இதைத் திருப்பிக் கேப்பாங்க."

கடையில் வாங்கித் தர எனக்கு வக்கில்லாமல் இல்லை. எதையாவது அடகு வைத்தாவது வாங்கியிருப்பேன். ஆனால் இது என் மகளுக்கு என்று யாரோ அளவெடுத்து, செய்து, பேர் எழுதி அனுப்பியது. அது அவளுக்கு வர வேண்டும். இந்தப் பள்ளிக்கூடத்தின் கையாலேயே வர வேண்டும். பையிலிருந்து சுத்தியலை எடுத்தேன். "குடு குட்டி. உடைக்கிறேன். அப்புறம் எழுதட்டும்."

குட்டி இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்பா. கொஞ்சமாவது தெரியுது."

தூக்கிய கை அப்படியே நின்றது. சுத்தியலை மறுபடி பையில் போட்டேன். என்ன மனுஷன் நான், பூட்டைக்கூட இப்படி அடித்து உடைத்ததில்லை. ஆனால் அதே நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னேன்.

"எல்லாரும் கேளுங்க. இது உங்களோடது. யாருகிட்டயும் கழட்டிக் குடுக்காதீங்க. படிக்கும்போது போடுங்க. விளையாடும்போதும் போடுங்க. ஓடுங்க, பந்து அடிங்க, சுவர் ஏறிக் குதிங்க. உடைஞ்சா உடையட்டும். உடைஞ்சாத்தான் புதுசு."

"என்னங்க இது அநியாயமா இருக்கு!" என்று பெரிய டீச்சர் கத்தினார்.

"இன்னும் முடியலை" என்று சொல்லி அவர் ரூமுக்குள் போனேன். ஸ்க்ரூ டிரைவரால் பீரோவிலிருந்து பூட்டை முழுசாகக் கழற்றினேன். பீரோவில் பூட்டு இருந்த இடத்தில் ஓட்டைதான் மிச்சம். "ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போறேன். எப்ப சரியாகும்னு சொல்ல முடியாது. உள்ளே நிறைய துரு" என்றேன். கூலி வாங்கவில்லை. வெளியே வரும்போது குட்டி என் சட்டையை இழுத்து, "இருக்குதானேப்பா?" என்று கிசுகிசுத்தாள். திரும்பி வகுப்பு டீச்சரை ஒருமுறை பார்த்தேன். "இருக்கு" என்றேன்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று சொல்கிறவள், சாதம் போட்ட கரண்டியை அப்படியே வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள். "திங்கட்கிழமை மட்டுமில்ல, எந்தக் கிழமையும் என் பொண்ணு அங்க வர மாட்டா. இன்னொரு தடவை வயசை நான் பார்த்துக்கறேன்னு சொன்னே, உன் அக்காவை மறந்துடு" என்றாள். மறுவாரம் வேலைக்குப் போகிற வழியில் வகுப்பு டீச்சரை கேட்டிலேயே மடக்கி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறாள். "மந்தம் யாருன்னு இப்ப தெரிஞ்சுதா டீச்சர்?" என்றாளாம். இதை எனக்குச் சொன்னது வாட்ச்மேன். அவள் என்னிடம் சொல்லவே இல்லை.

பூட்டு என் கடை ஆணியில் தொங்கியது. வாட்ச்மேன் இரண்டு தடவை வந்து கேட்டான். "பீரோவுல என்ன இருக்கு பூட்டி வெக்க?" என்றேன். "ஷீல்டுதான் அண்ணே" என்றான். இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

அதற்குப் பின் ஒரு மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்த கொஞ்ச நேரத்தில், குட்டி கடை முன்னால் வந்து நின்றாள். முழங்காலில் சிராய்ப்பு, கன்னமெல்லாம் மண், கண்ணீர் அதில் கோடு போட்டிருந்தது. கையை விரித்துக் காட்டினாள். கண்ணாடியின் ஒரு கால் தனியாக, ஒரு பக்கச் சில்லில் குறுக்கே விரிசல்.

"பந்து பிடிக்க ஓடினேன்பா. இன்னொரு பையனும் ஓடி வந்தான், முட்டிக்கிச்சு. வேணும்னு பண்ணலை. அடிப்பியா?"

"பந்தைப் பிடிச்சியா?"

"பிடிச்சேன்" என்றாள் விசும்பிக்கொண்டே. "வர்றது தெரிஞ்சுதே."

அவள் பந்து பிடித்து நான் கேள்விப்பட்டதே இல்லை. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு குந்துகிறவள் அவள். கடையை அப்படியே திறந்துபோட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பெரிய டீச்சர் ரூமுக்குப் போனேன். பூட்டில்லாத பீரோ மேல் கேடயம் இருந்தது. கரும்பலகையில் பூஜ்ஜியம் அப்படியே இருந்தது. மேலே ஒருமுறை புதிதாகத் தீட்டியிருந்தார்கள்.

உடைந்ததை மேஜை மேல் வைத்தேன்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார் பெரிய டீச்சர். அவர் குரலில் சந்தோஷமே இருந்தது. "பிள்ளைங்க கையில குடுத்தா இதான் கதி. எவ்வளவு நாள் தாங்குச்சு பாருங்க."

"ஆமா. எழுதுங்க."

"எழுதலாம், என்ன அவசரம்? அடுத்த மாசம் திட்டத்துல இருந்து வரட்டும். இதை ஒரு கம்பி வெச்சுக் கட்டிப் போட்டுக்கச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் கம்பி வேலையெல்லாம் தெரியுமே."

என் காது சூடாக ஆரம்பித்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் என் கையிலிருந்து குட்டியின் கை நழுவியது.

அவள் கண்ணாடி மேஜை மேல் கிடந்தது, அதனால் அவளுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. நாற்காலியில் இடித்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு கரும்பலகையிடம் போனாள். எப்போதும் நோட்டில் வைப்பது போலவே, மூக்கு பலகையைத் தொடுகிற வரை போனாள். மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகத் தேடினாள். உடைந்தவை என்ற இடத்தைக் கண்டுபிடித்ததும் பூஜ்ஜியத்தை உள்ளங்கையால் அழித்தாள். சட்டத்தின் விளிம்பில் கிடந்த சாக்பீஸை எடுத்து, ஒன்று என்று போட்டாள்.

பெரிதாகப் போட்டாள். கண்ணாடி இல்லாமல், வாசலில் இருந்து பார்த்தாலும் அவளுக்கே தெரிகிற அளவுக்குப் பெரிதாக.